துருவும் திருவும்

பழையது என்னும் ஒரு காரணத்தால் ஒரு பொருளைப் போற்றுதல் கூடாது. அதே காரணத்தால் அதனை எறிதலும் கூடாது. எதனை வைத்துக்கொள்வது, எதனைக் களைவது, களைந்த இடத்தை எதனால் நிரப்புவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பழையதொன்றிற் கைவைத்தல் தகும். இதனை யாம் தமிழ் வகுப்பில் ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றைப் படித்தபோது கேட்டோம். கீழப்பாவூரில் எம் வீட்டுக் கொல்லையில் துருவேறிக் கிடந்த சரக்கு மோட்டார் வண்டியொன்றைச் சென்ற கோடை விடுமுறையிற் பழுதுபார்த்தபோதே உள்ளபடி உணர்ந்தோம். அவ்வநுபவத்தைச் சக மாணவர்க்கு ஈண்டு உரைப்போம்.

வண்டி எம் பாட்டனாருடையது. மஹீந்திரா கம்பெனியார் செய்த எப். சி. 150 என்னும் 'பிக்கப்' வகை. அக்கம்பெனி 1945-ம் ஆண்டில் 'மஹீந்திரா அண்டு முகம்மது' என்னும் பெயரோடு தோன்றியது. பங்காளியாகிய குலாம் முகம்மது, நாடு பிரிந்தபின் பாக்கிஸ்தானத்தின் முதல் நிதியமைச்சராயினமையின், 1948-ல் அது இன்றைய பெயரைப் பெற்றது. 1947-ல் வில்லிஸ் ஜீப்புக்களைப் பூட்டி விற்கத் தொடங்கிய அக்கம்பெனியார், பின்னர் அந்த ஜீப்பின் இயந்திரத்தையே உடைய இச்சிறு வண்டியையும் செய்தனர். அமெரிக்காவில் 1956-ன் இறுதியில் வெளிவந்த இவ்வகை 1965-ல் அங்கு நின்றுபோயிற்று. நம் நாட்டிலோ அதன் பின்னும் ஓடிற்று.

அதன் உருவம் சற்று விந்தையானது. மற்றை வண்டிகளுக்கு முன்னே நீண்டிருக்கும் மூக்கு இதற்கு இல்லை. ஓட்டுபவர் முன் சக்கரங்களின்மேல் அமர்வார். இயந்திரம் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு மூடியின்கீழ் இருக்கும். இதனால் வண்டியின் நீளம் குறையினும் சரக்கேற்றும் இடம் குறையாது. ஆயின் சித்திரை வெயிலில் அதனை ஓட்டுதல் எரியும் அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருத்தலை ஒக்கும்.

எம் பாட்டனார் அவ்வெம்மையைப் பல்லாண்டு பொறுத்தார். கத்தரியும் வெண்டையும் தக்காளியும் ஏற்றிப் பாவூர்சத்திரச் சந்தைக்கு விடியுமுன் செல்வார். சிலபோது செங்கோட்டை கடந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையாள நாட்டிற்கும் செல்வார். எம் தந்தையாரும் அத்தைமார் இருவரும் கல்வி கற்றது அவ்வண்டி ஈட்டிய கூலியினால். எமக்கு இரண்டு வயது நிரம்பியபோது பாட்டனார் மறைந்தார். அன்று புளியமரத்தடியில் நின்ற வண்டி பதினேழு ஆண்டு அங்கேயே நின்றது.

தென்காசிச் சீமையார்க்குக் குற்றாலச் சாரல் ஒரு வரம். இரும்பிற்கு அஃது எமன். இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடுமிடத்துத் துரு பிறக்கின்றது. பிறந்த துரு தான் உண்ட இரும்பினும் மிகுதியான இடத்தைக் கொள்வதாகலின், மேலுள்ள வர்ணத்தைக் கொப்புளமாய்த் தூக்கி வெடிக்கச் செய்கின்றது. வெடிப்பின் வழியே மீண்டும் நீர் புகுகின்றது. ஆண்டுதோறும் ஆனி ஆடியில் வீசும் ஈரக் காற்று இவ்வேலையை ஓயாது செய்துவந்தது.

வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தமையின், வண்டியை எடைக்கு விற்றுவிட எம் தந்தையார் எண்ணினார்; பழைய இரும்புக் கடைக்காரரும் விலை பேசிச் சென்றார். யாம் தடுத்தபோது, பூச்சியும் துருவும் அழிக்கும் பூலோகப் பொக்கிஷத்தைப்பற்றி ஆண்டவர் மலைமேற் கூறியதை எமக்கு நினைப்பூட்டினார். அவ்விடத்துத் 'துரு' எனப் பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல்லுக்குத் 'தின்னுதல்' என்பதே நேர்ப்பொருள் என்றும், எம்மைத் தின்னாது எமக்கு உணவிட்ட பொருள் இஃது என்றும் யாம் கூறினோம். தந்தையார் நகைத்தார். கல்லூரி திறக்கும்வரை தவணை தந்தார்.

முதல் வேலை துருக் களைதல். கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்க்கத் தேய்க்க, நீலத்தின்கீழ்ப் பச்சையும் பச்சையின்கீழ்ச் சாம்பல் நிறமும் தோன்றின. சிறிய உறுப்புக்களைத் தேய்த்தல் அரிதாகலின் வேறோர் உபாயம் கொண்டோம். பிளாஸ்டிக் தொட்டியில் நீரூற்றிச் சலவைச் சோடாவைக் கரைத்து, துருவேறிய உறுப்பைப் பேட்டரிக்கு மின்னேற்றும் கருவியின் எதிர்முனையிலும், கழிவு இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் கட்டி, இரண்டும் தொடாவண்ணம் நீரில் அமிழ்த்தினோம். ஓரிரவில் துரு நெகிழ்ந்து கறுத்து, துடைத்த அளவில் நீங்கியது. அமிலம் துருவோடு நல்லிரும்பையும் அரிக்கும். இம்முறை துருவை மட்டுமே தீண்டும். இதனைச் செய்வார் இரண்டினை மறத்தலாகாது: எரியக்கூடிய வாயு எழுமாகலின் திறந்தவெளியிலேயே செய்தல் வேண்டும், நேர்முனையில் எவர்சில்வரைக் கட்டின் நச்சுப்பொருள் உண்டாகும்.

அடுத்தது இயந்திரம். பிஸ்டன்கள் இறுகிக் கிடந்தன. பார்க்க வந்த முதிய மெக்கானிக், பலரும் செய்வதுபோல் டீசல் இயந்திரமொன்றை மாற்றி வைத்தால் செலவும் குறைவு, ஓட்டமும் உறுதி என்றார். யாம் தயங்குவதைக் கண்டு, "தம்பி, ஒங்களுக்கு ஒரு வண்டி ஓடணுமா, இந்த வண்டி ஓடணுமா? ரெண்டும் வேற வேற வேல" என்றார். ஆன்ற நூலாசிரியரும் இதனினும் தெளிவாகக் கூறல் அரிது. "இந்த வண்டிதான் அண்ணாச்சி" என்றோம். 2021-ம் ஆண்டில் நடுவண் அரசார் பழமைவாய்ந்த மோட்டார் வண்டிகளுக்கென வகுத்த விதிகளும், ஐம்பது ஆண்டு கடத்தலோடு மூல உருவம் மாறாமையையும் இலக்கணமாகக் கொண்டன.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி வைத்தோம். நாள்தோறும் கிராங்கின் திருகை நீண்ட ஸ்பானரால் மெல்ல அசைத்துவந்தோம். பத்தாம் நாள் அஃது அசைந்தது. இன்றைய பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்குவரை எத்தனால் கலக்கப்படுகின்றது. அது பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகலின் எரிபொருட் குழாய்களையும், பிரேக்கின் ரப்பர் உறுப்புக்கள் அனைத்தையும் புதியனவாக மாற்றினோம். உயிரைக் காக்கும் உறுப்பிற் பழமை பாராட்டுதல் பேதைமை அன்றோ? கால்வைக்கும் தகடு சல்லடையாய் இருந்தது. அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, புதுத் தகட்டை அடித்து வளைத்து, வெப்பத்தால் நெளியாவண்ணம் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தார் டிங்கரிங் தொழிலாளர். அடிப்புறத்து ஒட்டை மட்டும் மறைக்க வேண்டாவென்றோம். பழையது எது, புதியது எது என்பது பின்வருவார்க்குத் தெரிதல் வேண்டும்.

இனி, எம்மைப் பெரிதும் வருத்திய இடத்தைக் கூறுவோம். வண்டியின் நெற்றியில் பாட்டனார் வெள்ளை வர்ணத்தால் 'சங்கீதம்' என்றும் ஓர் எண்ணும் எழுதுவித்திருந்தார். 1, 2 என்னும் இரண்டு இலக்கங்கள் உள; மூன்றாவதைத் துரு தின்றுவிட்டது. வழிச்செல்வாரைக் கர்த்தர் காக்கும் 121-ம் சங்கீதமே என்பர் எம் பாட்டியார். கண்ணீரோடு விதைத்தவர் களிப்போடு அறுக்கும் 126 என்பர் மூத்த அத்தை. மழை பொய்த்த ஓராண்டில் அஃது எழுதப்பெற்றதென்பது அவர் கூற்று. ஒன்று ஓட்டுநர்க்குப் பொருந்தும். மற்றொன்று உழவர்க்குப் பொருந்தும். பாட்டனார் இருவருமாய் இருந்தார்.

வர்ணம் பூச வந்தவர், "ஏதாவது ஒன்னச் சொல்லுங்க, புதுசா எழுதிருதேன்" என்றார். அப்போது உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894-ல் வெளியிட்ட புறநானூறு எம் நினைவிற்கு வந்தது. அந்நூலில் 267, 268-ம் பாட்டுக்கள் கிடைத்தில. வேறு சில பாட்டுக்களில் அடிகள் சிதைந்துள. ஐயரவர்களின் புலமைக்கு ஓர் அடியை இட்டு நிரப்புதல் அரிதன்று. ஆயினும் அவர்கள் இல்லாததை இல்லாததாகவே விட்டார்கள். அதனாலன்றோ எஞ்சியதை நாம் ஐயமின்றி நம்புகின்றோம்? யாமும் அவ்வெண்ணை எழுதுவித்திலேம். இருந்த எழுத்துக்களைத் துடைத்து, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசி, மூன்றாம் இலக்கத்தின் இடத்தை வெறிதே விட்டோம். பாட்டியார்க்கு அஃது இன்றும் 121, அத்தைக்கு 126.

ஆனி முதல் வாரத்தில், சாரல் தொடங்கிய ஒரு மாலையில், இயந்திரம் புகை கக்கி இருமிப் பின்னர் ஒழுங்காய் முழங்கியது. தந்தையார் வந்து நடுவிலிருந்த மூடியின்மேற் கைவைத்து, அது சுடுமட்டும் எடாதிருந்தார். இரும்புக் கடைக்காரர்க்கு மறுநாட் சொல்லியனுப்பினார். வண்டி இன்னும் தெருவில் இறங்கவில்லை. அரசாங்கச் சான்றுகள் பெறவேண்டும். கூரைக்கு இவ்வாண்டும் ஓடு மாற்றவில்லை, தார்ப்பாய் விரித்திருக்கின்றோம். திருவென்பது விலையின்றி வருவதன்று.

நண்பர்காள்! நும் வீடுகளிலும் ஏதேனும் ஒரு பழம்பொருள் கிடத்தல் கூடும். அதனைத் துலக்குவதற்கு விடுமுறைகள் இனியும் வரும். அதனைப்பற்றி அறிந்த முதியோர் எப்போதும் இரார். ஆகலின் உப்புத்தாளை எடுக்குமுன் அவர்பாற் சென்று கேட்பீராக. கேட்டதை எழுதி வைப்பீராக.