ஐந்து மணிக்குப் பிறகு ஒரு லங்காவி

லங்காவிக்குக் குடும்பத்தோடு போனவர்களில் பலர் தீவு சுற்றும் படகில் ஏறியிருப்பீர்கள். காலையில் பந்தாய் செனாங் பக்கம் ஏறினால், கர்ப்பிணி ஏரி எனப்படும் தாசேக் டாயாங் பூந்திங், கழுகு பார்க்க சிங்கா பெசார் தீவு, வெள்ளை மணலில் விளையாட பெராஸ் பாசா தீவு என்று மூன்று இடங்களைக் காட்டி, நான்கு மணி நேரத்தில் கரையில் இறக்கிவிடுவார்கள். குறைந்த கட்டணம், நிறைவான பயணம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மாலையில் கடைசிச் சுற்றுலாப் படகும் திரும்பிய பிறகு அந்தத் தீவுகள் எப்படி இருக்கும்? அதைப் பார்க்க இரண்டு வசதிகள் வேண்டும். ஒன்று, நினைத்த இடத்துக்குச் சீக்கிரம் போகும் படகு. மற்றொன்று, அந்தப் படகிலேயே இரவு தலைசாய்க்க ஓர் அறை. குடும்ப நண்பர் ஒருவரின் உதவியால் இரண்டும் சேர்ந்த படகு ஒன்று கடந்த பிப்ரவரியில் எங்களுக்குக் கிடைத்தது. அம்மா, மனைவி, எட்டு வயது மகள், நான், படகோட்டி என ஐந்து பேர். ஒரு பகல், ஓர் இரவு.

படகைச் சுற்றி ஒரு நடை

தீவின் மேற்குக் கரையில் உள்ள தெலாகா துறைமுகத்தில் படகு கட்டியிருந்தது. நீளம் ஏறத்தாழ 9 மீட்டர், அகலம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்தில் நின்ற பெரிய பாய்மரப் படகுகளோடு ஒப்பிட்டால் சிறியதுதான். கூர்மையான முகப்பு. நடுவில் கண்ணாடி அடைத்த ஓட்டுநர் அறை, இரு பக்கமும் இழுத்துத் திறக்கும் கதவுகள். பின்னால் தலா 200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு அவுட்போர்ட் மோட்டார்கள்.

படகோட்டி அறுபது வயதைத் தொட்ட மலாய்க்காரர். நாங்கள் ‘பாக் சிக்’ என்றோம். அவர் அம்மாவை ‘மாக் சிக்’ என்றார். தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்கு மலாய் சரளம் என்பதால் இருவரும் உடனே ஒட்டிக்கொண்டார்கள்.

உட்காரும் இடமெல்லாம் பின்பகுதியில். மேசையை இறக்கி மெத்தையை வைத்தால் அதுவே படுக்கை. குளிர்ப்பெட்டி, ஒற்றை அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் ஒரே பலகைக்குள் அடக்கம். ஓட்டுநர் அறையிலிருந்து மூன்று படி இறங்கினால் முகப்புக்கு அடியில் படுக்கையறை. உள்ளே நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் படுக்கலாம். பக்கத்தில் கதவு போட்ட சிறு கழிப்பறை. “இது இருந்தா போதும், நான் வரேன்” என்றார் அம்மா. அதுவரை அவர் ‘வருகிறேன்’ என்று சொல்லியிருக்கவில்லை.

இந்த வகைப் படகுகளை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். அங்கே 2014-இல் தொடங்கிய ஆக்ஸோபார் நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். காரணம் புரியாததல்ல. ஃபின்லாந்தின் தென்மேற்குக் கடலில் ஆயிரக்கணக்கான சிறு தீவுகள் உண்டு. தீவுகளுக்கு இடையே தூரம் குறைவு. வேகமாகப் போய், பிடித்த இடத்தில் நின்று, ஓர் இரவு தங்கித் திரும்ப ஒரு படகு அங்கே தேவைப்பட்டது. 99 தீவுகள் கொண்ட லங்காவிக்கும் அதே தேவைதான். குளிர்நாட்டுப் படகு இங்கே பொருந்திப்போவதில் வியப்பில்லை.

மோட்டார் ஏன் வெளியே?

படகுக்குள் இல்லாமல் பின்பலகையில் மாட்டும் மோட்டாரை வணிக அளவில் வெற்றிபெறச் செய்தவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட். ஆண்டு 1909. காதலிக்காக ஏரியில் துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டது, அந்த எரிச்சலில் பிறந்த யோசனை என்று ஒரு கதை சொல்வார்கள். அன்றைய மோட்டாரின் சக்தி ஒன்றிரண்டு குதிரைத்திறன். 2021-இல் மெர்குரி நிறுவனம் 600 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்ட் மோட்டாரை வெளியிட்டது.

வெளியே இருப்பதால் மூன்று நன்மைகள் என்று பாக் சிக் விரல்விட்டு எண்ணினார். படகின் வயிற்றில் இடம் மிச்சமாகிறது, அந்த இடம்தான் நமக்குப் படுக்கை. பழுது என்றால் எட்டிப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆழம் குறைந்த கரையில் மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிக்கொள்ளலாம். இரண்டு மோட்டார் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒன்று நின்றுபோனால் மற்றதை வைத்து மெதுவாகவேனும் கரை சேரலாம்.

அரை மணி நேர ஓட்டம்

துறைமுகத்தைத் தாண்டும்வரை படகு நடைவேகத்தில்தான் போனது. வெளியே வந்ததும் பாக் சிக் விசைப்பிடியை முன்னே தள்ளினார். முகப்பு உயர்ந்தது. எதிரே கடல் மறைந்து வானம் மட்டும் தெரிந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. சில விநாடிகளில் முகப்பு தாழ்ந்து படகு சமநிலைக்கு வந்தது. அதற்குமேல் படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போவதில்லை, தண்ணீரின் மேல் சறுக்கிக்கொண்டு போகிறது. உராய்வு குறைவதால்தான் அந்த வேகம்.

25 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டரில் போனோம். சாலையில் அது ஒன்றுமே இல்லை. கடலில் அது நல்ல வேகம். 40 நாட் வரை போகும் என்றார் பாக் சிக், போய்க் காட்டவில்லை. “அலை இருக்கும்போது வேகம் காட்டினால் முதுகுதான் பதில் சொல்லும்” என்றார். அவரது மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு இயந்திரச் சாவியோடு இணைந்திருந்தது. ஓட்டுபவர் தடுமாறி விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு மோட்டார் நின்றுவிடும். ஆளில்லாப் படகு வட்டமடித்துத் தண்ணீரில் கிடப்பவரைத் தாக்குவதைத் தடுக்கும் கயிறு அது.

ரெபாக் தீவு, செனாங் கடற்கரை, சிங்கா பெசார் எல்லாம் இடப்பக்கம் ஒவ்வொன்றாகக் கடந்தன. சிங்கா பெசார் அருகே மோட்டாரை அணைத்தோம். தலைக்கு மேல் செம்பருந்துகள். மார்பு வெள்ளை, இறக்கை செம்மண் நிறம். நம் ஊர்களில் கருடன் என்பது இதைத்தான். அம்மா நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சில சுற்றுலாப் படகுகள் கோழித்தோல் வீசி இவற்றை வரவழைப்பது உண்டு. வேட்டையாடும் பறவையை அது கெடுத்துவிடும். நாங்கள் எதையும் வீசவில்லை. ஆனாலும் கால் மணி நேரத்தில் ஒரு பருந்து தானே இறங்கி மீனைக் கவ்விப் போனதை மகள் பார்த்துவிட்டாள்.

டாயாங் பூந்திங் ஏரியை மதியத்திற்குப் பிறகு அடைந்தோம். படகுத்துறையிலிருந்து கொஞ்சம் படி ஏறி இறங்க வேண்டும். வழியில் குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் விடாது. கையில் எதையும் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏரி நன்னீர். ஒரு காலத்தில் சுண்ணாம்புக் குகையாக இருந்து, கூரை இடிந்து விழுந்ததால் உண்டானது. அதையும் உப்புக் கடலையும் பிரிப்பது ஒரு குறுகிய பாறைச்சுவர்தான். 2007-இல் யுனெஸ்கோ லங்காவியை உலகப் புவிப்பூங்காவாக ஏற்றதற்கு இத்தகைய பாறைகளே காரணம்.

நங்கூரம் போடும் கணக்கு

ஐந்து மணிக்கெல்லாம் கடைசிப் படகுகள் போய்விட்டன. நாங்கள் சுண்ணாம்புத் தீவுகளுக்கு நடுவே, நாற்புறமும் செங்குத்துப் பாறையால் காற்று மறைந்த ஒரு நீர்வழியில் நுழைந்தோம். இங்கேதான் இரவு.

நங்கூரத்தைக் கீழே போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அது பெரிய கணக்கு. ஆழம் 5 மீட்டர். கடல் ஏறும்போது இன்னும் 2 மீட்டருக்கு மேல் கூடும். மொத்த ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும் என்பது பாக் சிக்கின் கணக்கு. அப்படியென்றால் 35 மீட்டருக்குமேல். சங்கிலி தரையோடு கிடந்து இழுத்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும். செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கடலோட்டம் திரும்பும்போது படகும் வட்டமாகத் திரும்பும். அந்த வட்டத்துக்குள் பாறை இருக்கக் கூடாது. பாக் சிக் இரண்டு முறை போட்டுப் பார்த்து, மூன்றாவது முறைதான் திருப்தியடைந்தார்.

ஏழரை மணிக்குச் சூரியன் மறைந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இரவுச் சாப்பாடு. பாக் சிக்குக்கும் ஒரு தட்டு. மோட்டார் இல்லை, கைபேசியில் சமிக்ஞையும் சரியாக இல்லை. பாறையிடுக்கில் தண்ணீர் போய்வரும் சத்தம் மட்டும். மகள் ஒரு கயிற்றைத் தண்ணீரில் போட்டு ஆட்டினாள். ஆட்டிய இடமெல்லாம் பச்சைப் பொறி பறந்தது. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் அசைந்தால் ஒளிர்வதால் வருவது அது. எல்லா இரவும் தெரியாது. அன்று தெரிந்தது.

அம்மாவின் கடல்

அம்மாவின் தந்தை, என் தாத்தா, பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் நம்மில் எத்தனையோ குடும்பங்களைச் சுமந்து வந்தது. தாத்தாவுக்கு மேல்தளத்தில் பாய் விரித்த இடம். ஒரு வாரக் கடல். பினாங்கு வந்ததும் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். அப்புறம் சுங்கைப் பட்டாணி பக்கம் ரப்பர்த் தோட்டம். அதற்குப் பிறகு அவர் கடலைப் பார்க்க விரும்பியதே இல்லை. பிள்ளைகளையும் விடவில்லை. மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங்கில் கால் நனைத்ததுதான் அம்மாவுக்குத் தெரிந்த கடல். எழுபது வயதாகியும் நீச்சல் தெரியாது. எனக்கும் முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அந்தக் கெடா கரைக்கு நம்மவர்கள் வந்தது தாத்தாவின் காலத்தில் மட்டுமல்ல. ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் வந்த கடாரம் இதுதான். பெருநிலத்தில் 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை பழங்கால மாலுமிகளுக்கு வழிகாட்டியாக இருந்தது. அத்தனை நூற்றாண்டு கடலோடு பழகிய மக்கள், தோட்டத்துக்குள் போனதும் இரண்டு தலைமுறையில் தண்ணீருக்குப் பயந்தவர்களாகிவிட்டோம்.

இரவு பத்து மணி இருக்கும். அம்மா உறங்காமல் பின்பக்கம் வந்து உட்கார்ந்தார். “தாத்தா ஏழு நாள் கடல்லயே வந்தாருடா தம்பி. ஒரு ராத்திரியாவது இப்படி உட்கார்ந்து பார்த்திருப்பாரா?” என்றார்.

“கூட்டத்துல எங்கம்மா பார்க்கறது?”

“அதான். அவருக்குப் பயம் மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு. அதையே எங்களுக்கும் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

காலையில் உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டி, பின்பக்கப் படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டார் அம்மா. சொறிமீன் இருக்கிறதா என்று பாக் சிக் முதலில் பார்த்துச் சொன்னார். அரை மணி நேரம் அவர் எழவில்லை.

போக நினைப்பவர்களுக்கு

நவம்பர் முதல் மார்ச் வரை லங்காவிக் கடல் பெரும்பாலும் அமைதி. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலை திடீர்ப் புயற்காற்று வரலாம், அப்போது இரவு தங்கல் வேண்டாம்.

படகோட்டியோடு வாடகைக்கு எடுப்பதே நல்லது. சிங்கப்பூரில் இவ்வகைப் படகை நீங்களே ஓட்ட உரிமம் வேண்டும். எரிபொருள் வாடகையில் அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். எங்கள் படகு ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் குடித்தது. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பது கடலோடிகளின் கணக்கு. உயிர்காப்பு அங்கி குழந்தையின் அளவுக்கு இருக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள். வானொலிக் கருவி வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். கடலில் அவசர அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை.

வசதியைப் பற்றி மிகையாக நினைக்க வேண்டாம். நங்கூரத்தில் குளிர்சாதனம் கிடையாது, சிறு மின்விசிறிதான். கொசுவுக்கு மருந்து வேண்டும். அம்மா, மனைவி, மகள் மூவரும் உள்ளே படுத்தார்கள். நானும் பாக் சிக்கும் வெளியே மெத்தையில். இரண்டு இரவு என்றால் முதுகு ஒத்துழைக்காது. ஓர் இரவுக்கு இது தாராளம்.

வீடு திரும்பிய வாரமே அம்மா எனக்கு ஒரு வேலை சொன்னார். “பாப்பாவை நீச்சல் வகுப்புல சேர்த்துவிடு. தள்ளிப்போடாதே.” சனிக்கிழமை காலை வகுப்பில் சேர்த்துவிட்டேன். வாராவாரம் கூடப் போய்க் குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பது அம்மாதான்.