அப்பாரு ஏமாந்த பட்சி!

எங்க வீட்டு ஷோகேஸில் கரும்பச்சை நிறத்துல ஒரு முட்டை இருக்கு. வர்றவங்க எல்லாம் "பிளாஸ்டிக்கா?"ன்னு தட்டிப் பார்ப்பாங்க. நிஜ முட்டைதாங்க. ஈமு முட்டை!

நான் யு.கே.ஜி. படிக்கிறப்போ பொங்கலூர்ல எங்க தோட்டத்துக்கு ஈமு குஞ்சுங்க வந்து இறங்குச்சு. 'குஞ்சும் நாங்க, தீவனமும் நாங்க, மாசமானா பணம்'னு ஒரு கம்பெனி ஆசை காட்ட, அப்பாரு எருமையை வித்து, அப்பத்தா நகையை அடகு வச்சுப் பணம் கட்டினார். குஞ்சு வளர்ந்து முதல் முட்டை போட்டதும், அப்பத்தா கோணூசியால ஓட்டை போட்டுக் காலி பண்ணி, ஆசையா எடுத்து வச்சாங்க. 2012-ல கம்பெனிக்காரங்க பூட்டிட்டு ஓடிட்டாங்க. கொங்கு மண்டலம் முழுக்க அந்த வருஷம் இதே கதைதான். பசியில கம்பிவேலியைக் கொத்திக்கிட்டு நின்ன பறவைங்க இன்னும் என் கண்ணுல நிக்குது. அப்பா பனியன் கம்பெனியில நைட் ஷிஃப்ட் பார்த்துதான் நகையை மீட்டார்.

"நம்ம மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத பட்சி" - அப்பாரு அதோட அந்தப் பேச்சையே விட்டுட்டார்.

நானும் அப்படித்தான் நினைச்சேன், ஹிஸ்டரி கிளாஸ் வரைக்கும். நொய்யல் கரையில, கொடுமணல்ல கிடைச்ச கல்மணிகளைப் பத்திச் சொன்ன புரொபசர், "அதுக்கும் ரொம்ப முன்னாடி இங்கே முட்டை ஓட்டுலயே மணி செஞ்சிருக்காங்க, தெரியுமா?"ன்னார். ஈமுவுக்குத் தூரத்துச் சொந்தமான நெருப்புக்கோழியோட முட்டை!

லைப்ரரிக்கு ஓடினேன். ஈமு ஆஸ்திரேலியாக்காரன்தான். ஆனா நெருப்புக்கோழி ஒரு காலத்துல இந்தியாவுல திரிஞ்சிருக்கு. நர்மதை, சம்பல் ஆத்துப் பக்கம் எல்லாம் ஓடு கிடைச்சிருக்கு. மகாராஷ்டிராவுல பட்ணே என்கிற ஊர்ல, சுமார் 25,000 வருஷத்துக்கு முந்தைய ஓட்டுத் துண்டுல குறுக்கும் நெடுக்குமா கோடு கீறியிருக்காங்க. பீம்பேட்காவுல ஒரு மனுஷனைப் புதைச்ச இடத்துல ஓட்டு மணி இருந்திருக்கு. 2017-ல ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் பழைய ஓட்டுல டி.என்.ஏ. எடுத்து, ஆப்பிரிக்க நெருப்புக்கோழியோட சொந்தம்னு உறுதி பண்ணினாங்க. 2024-ல ஆந்திராவோட பிரகாசம் மாவட்டத்துல 41,000 வருஷப் பழைய கூடே கிடைச்சது.

ஓட்டை உடைச்சு, கல் முனையால துளை போட்டு, ஓரத்தைத் தேய்ச்சு வட்டமாக்கணும். சட்டை பட்டன் மாதிரி ஒரு மணிக்கு எவ்வளவு பொறுமை!

ராத்திரி அப்பாருகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. எந்திரிச்சுப் போய், இத்தனை வருஷத்துல முதல் தடவையா அந்த முட்டையைக் கையில எடுத்தார். அப்பத்தா போட்ட ஓட்டையை விரலால தடவினார்.

"அவங்களுக்கு யாரு கண்ணு குஞ்சு குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க அப்பாரு. அதுபாட்டுக்குத் திரிஞ்சிருக்கு."

"அதான் தப்பிச்சுட்டாங்க!"

சொல்லிட்டு அப்பாரு சிரிச்சார். ஈமுவைப் பத்தின பேச்சுல அவர் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.