அண்ணாந்து பார்த்தால் அம்பத்தூர்

ஆவடி போகும் மின்ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கூரைகளைப் பாருங்கள். முகப்புகளில் பார்க்க ஒன்றுமில்லை. எல்லாம் கண்ணாடியும் எவர்சில்வர் கைப்பிடியும்தான். கூரைதான் கட்டடத்தின் வயதைக் காட்டிக் கொடுக்கிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் போட்ட, தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இதுதான். அதற்கும் மூத்த கூரைகள் இந்தப் பக்கம் உண்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கினேன். 1960-களில் அரசு அமைத்த தொழிற்பேட்டை. பழைய பட்டறைகள் சிலவற்றின் கூரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். பல்லின் செங்குத்துப் பக்கத்தில் வடக்கு பார்த்துக் கண்ணாடி. வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் லேத் மேல் விழ வேண்டும் என்பது கணக்கு. இங்கிலாந்து ஆலைகளில் பழகிய உத்தி. அங்கே உச்சிப் பொழுதில் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும். நமக்கோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை அது வடக்கே சாய்ந்துவிடும். கத்திரி வெயிலைக் கேட்டா கூரை போட்டார்கள்! ஒரு பட்டறையில் கண்ணாடிக்கு நீலப் பெயிண்ட் அடித்து விவகாரத்தை முடித்திருந்தார்கள்.

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் கூட்டமெல்லாம் சந்நிதி முன்னால் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்களைப் பார்க்கத்தான். நான் பின்பக்கம் போனேன். கருவறையின் பின்சுவருக்கு மூலையே இல்லை. அரைவட்டமாக வளைகிறது, மேலே விமானமும் அப்படியே. கஜபிருஷ்டம், தூங்கானை மாடம் என்பார்கள். நேர்ச்சுவர் என்றால் நூல் பிடித்துக் கல்லை அடுக்கிவிடலாம். இங்கே ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைவுக்கு ஏற்பச் செதுக்கியாக வேண்டும். பாடி திருவலிதாயத்திலும் இதே வடிவம். தொண்டை மண்டலத்துக்கு இதில் ஒரு தனி ஆசை. மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்தை இப்படி வெட்டிய பல்லவர்கள், சந்தேகமே வேண்டாமென்று பக்கத்தில் ஒரு யானையையும் நிறுத்திவிட்டார்கள்.

பூந்தமல்லியில், வரதராஜப் பெருமாள் கோயிலைத் தாண்டிய தெரு ஒன்றில், பாதி இடித்த வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரையின் குறுக்குவெட்டு பாடப்புத்தகப் படம்போலத் தெரிந்தது. கீழே தேக்கு உத்தரம். அதன்மேல் குறுக்குவாட்டில், படுக்காமல் நிமிர்ந்து நிற்கும் சின்னச் செங்கற்கள். மேலே ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய காரை. உச்சியில் தட்டோடு. கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. கட்டும்போது கீழே முட்டுக்கூடக் கொடுப்பதில்லை. அரைச்ச சுண்ணாம்பும் கொத்தனார் கையும்தான் கல்லை நிறுத்த வேண்டும்.

இடித்துக்கொண்டிருந்தவர் ஒரு செங்கல்லைத் தட்டிக் காட்டினார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது, கல் முழுசாக வந்தது.

"சிமெண்டுன்னா ஒடைஞ்சுதான் சார் வரும். இது அப்படியே வித்துரலாம். திருமழிசைப் பக்கம் காம்பவுண்டு செவுத்துக்குக் கேட்டிருக்காங்க."

"உத்தரம்?"

"அது நேத்தே போயிடுச்சு."