ஒரு சாண் தள்ளி

2024 ஆகஸ்ட் 11 அன்று பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் வாலிபால் இறுதிப் போட்டியில் இத்தாலி அமெரிக்காவை 3-0 என்று வென்றது. ஆட்டத்தைவிட, கோட்டுக்கு வெளியே நின்ற இருவர்தான் என் மனதில் தங்கினார்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் கார்ச் கிராய், ஆட்டக்காரராக 1984, 1988 ஒலிம்பிக்குகளிலும் 1996-இல் கடற்கரை வாலிபாலிலும் தங்கம் வென்றவர். இத்தாலியின் ஹூலியோ வெலாஸ்கோ அர்ஜென்டினாக்காரர், தத்துவம் படித்தவர், ஆட்டக்காரராகப் பெயர் எடுத்தவரல்லர். 1983-இல் இத்தாலிக்குப் போய், பின்னாளில் அந்நாட்டு ஆண்கள் அணியை 1990-லும் 1994-லும் உலக சாம்பியனாக்கினார். 1996 அட்லாண்டா இறுதியில் நெதர்லாந்திடம் ஐந்தாவது செட்டில் கைநழுவிய ஒலிம்பிக் தங்கம், எழுபத்திரண்டு வயதில் பாரிஸில்தான் அவருக்குக் கிடைத்தது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது உடற்கல்வி ஆசிரியரான நண்பர், "அவங்களை டிவியில பாத்தாச்சு. ஒரத்தநாடு பக்கம் ஒரு மாஸ்டர் இருக்கார். அவர் பந்து போடறத நேர்ல வந்து பாருங்க" என்றார்.

போனோம். ஊர்ப் பொதுத் திடலில் பெண்பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து புழுதி அடங்கத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புப் பொடியில் கோடு. இரும்புக் குழாய்க் கம்பத்தில் பெயின்ட் அடித்த இரண்டு அடையாளங்கள்: பெண்களுக்கு 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. தோல் உரிந்த பந்துகள் ஒரு சாக்கில் கிடந்தன.

மாஸ்டருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வலைக்கு ஓரமாக ஒரு பழைய பள்ளிக்கூட பெஞ்சின் மேல் ஏறி நின்றார். கீழே ஒரு பெண் பந்தை எடுத்துக்கொடுக்க, எதிர்ப்பக்கம் நிற்கும் பிள்ளைக்கு அவர் அடித்தார். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து வேறு வேறு இடத்தில் விழுகிறது. கை எட்டும் இடத்தைத் தாண்டி ஒரு சாண். பாய்ந்து எடுத்துவிட்டால் அடுத்த பந்து இரண்டு விரற்கடை இன்னும் தள்ளி. மூன்று பந்து தொடர்ந்து தவறினால் நாலாவது நேராக அவள் கைக்கே வருகிறது.

"எட்டற பந்தையே போட்டா பிள்ளைங்க சந்தோஷமா இருக்கும், ஒண்ணும் கத்துக்காது. எட்டவே எட்டாத பந்தப் போட்டா நாளைக்கு வராது. நடுவுல ஒரு சாண் இருக்கு பாருங்க, அதுதான் என் தொழில்" என்றார்.

கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு வேகத்தைக் குறைக்கிறார். முழங்கையை மடக்குபவளை நிறுத்தி, பந்தில்லாமல் வெறுங்கையை நீட்டி நிற்கச் சொல்கிறார். அவருக்கு ஒவ்வொருத்தியின் எல்லையும் தோளிலேயே தெரிந்திருக்கிறது.

வாலிபால் பயிற்சியில் இப்படிப் பந்து போடுவதற்குப் பெரிய வரலாறு உண்டு. ஜப்பானில் நிச்சிபோ நூற்பாலையின் கைசூகா அணிக்குப் பயிற்சியளித்த டைமட்சு ஹிரோபுமி, பகலில் வேலை பார்த்த பெண்களுக்கு இரவு வெகுநேரம் வரை எட்டாத பந்துகளைப் போட்டுக்கொண்டே இருந்தார். விழுந்து பந்தை எடுத்து, உருண்டு அப்படியே எழும் முறை அந்தப் பயிற்சியில்தான் மெருகேறியது. பெரும்பாலும் அந்த ஆலைப் பெண்களே அடங்கிய அணி 1964 டோக்கியோவில் சோவியத் அணியை வென்று தங்கம் வாங்கியது. ஆனால் அவர் அந்தப் பெண்களைப் பிழிந்தெடுத்தார் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. எனக்கும் அந்தப் பழைய படக்காட்சிகளைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். வலியைத் தாங்கவைப்பது வேறு, எல்லையை நகர்த்துவது வேறு. ஒரத்தநாட்டுத் திடலில் நான் பார்த்தது இரண்டாவது.

சர்வீஸ், பிளாக், ரொட்டேஷன் என்று மண்ணில் குச்சியால் வட்டம் போட்டு எனக்கு நிறையச் சொன்னார். அதை இங்கே விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஸ்மாஷ் வெளியே போனதும் அடித்த பெண் செட்டரைத் திரும்பி முறைத்தாள். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "ஏம்மா, பந்து போன எடத்தப் பாரு. அவ மூஞ்சில என்ன இருக்கு?" வெலாஸ்கோ இத்தாலியில் சொல்லிப் புகழ்பெற்ற பாடமும் இதேதான்: அடிப்பவர் செட்டரைக் குறை சொல்வார், செட்டர் முதல் பாஸைக் குறை சொல்வார், முதல் பாஸ் எடுத்தவர் விளக்கு கண்ணில் அடித்தது என்பார், சாக்குச் சங்கிலி அறுந்தால்தான் அணி உருவாகும். மாஸ்டர் வெலாஸ்கோ பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

இளவயதில் இவரும் மின்னொளிப் போட்டிகளில் ஊர் ஊராக ஆடியவர். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று அணி வைத்திருக்கும் இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற கனவு அந்தக் காலத்து ஆட்டக்காரர் எல்லோருக்கும் இருந்தது. இவருடையது முழங்காலோடு போயிற்று. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஒரு வருட டிப்ளமோ படித்தால் அரசுப் பயிற்சியாளராகலாம். வயலையும் அப்பாவின் கடனையும் விட்டுவிட்டு ஒரு வருடம் வடக்கே போக முடியவில்லை. ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு மட்டும் முடித்தார். ஆறு வாரத்துக்கு அரசு வேலைக் கதவு திறப்பதில்லை.

இப்போது காலையில் பஸ் ஏறி தஞ்சாவூர்ப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றுக்குப் போகிறார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது பள்ளி அல்ல. விளையாட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒரு நிறுவனம். பெற்றோரிடம் மாதாமாதம் கட்டணம் வாங்குகிறார்கள், பள்ளிக்குப் பங்கு, நிறுவனத்துக்குப் பங்கு, பெஞ்சின் மேல் நின்று தோளைத் தேய்ப்பவருக்கு மணிக்கணக்கில் கூலி. மே மாதம் அதுவும் இல்லை. பந்தைத் தொட்டே பார்க்காத ஒருவர், கணினியில் அட்டவணை போட்டதற்காக இவரைவிட அதிகம் எடுத்துக்கொள்கிறார் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வெற்றி பெற்ற பெண்ணின் சான்றிதழில் சங்க நிர்வாகிகளின் கையெழுத்து இருக்கிறது, அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் பெயரெழுத ஒரு கோடுகூட இல்லை. இந்திய அணியில் ஆடி 1982-இல் அர்ஜுனா விருதும், பயிற்சியாளராக 2007-இல் துரோணாச்சார்யா விருதும் பெற்ற ஜி.இ. ஸ்ரீதரன் போன்ற பாதை ஒரு சிலருக்கே வாய்க்கும். ஆனால் 1986 சியோலுக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணிக்குப் பதக்கமே இல்லை என்று அங்கலாய்ப்பவர்கள், கீழ்ப்படியில் நிற்பவருக்கு வருடம் முழுக்கச் சம்பளம் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். அவர் வேண்டுவது விருதல்ல. திடலில் கழித்த வருடங்களை டிப்ளமோவுக்கு ஈடாக எண்ணி, பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு நிரந்தர வேலை.

தோள் இப்போது தலைக்கு மேல் போகும்போது பிடித்துக்கொள்கிறது. டாக்டர் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதனால் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தியை பெஞ்சில் ஏற்றிப் பழக்குகிறார். அவள் சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்க, இவர் பின்னால் நின்று பந்து விழும் இடத்தை மட்டும் பார்க்கிறார். "அவளுக்கு அது எட்டும், பாவம் பாக்காத" என்றோ, "கிட்ட போடு, பயந்துட்டா" என்றோ சொல்கிறார். அந்தப் பெண் ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நின்ற பிள்ளையின் கால்களைப் பார்த்துவிட்டு அடித்ததை நானே கவனித்தேன்.

இவள் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டேன்.

"உடற்கல்வியில டிகிரி. முடிச்சதும் பாட்டியாலா" என்றார். "ஆறு வாரம் இல்லீங்க, முழு வருஷம். அவங்க அப்பாகிட்ட இப்பவே பேசி வச்சிருக்கேன்."