தோளைத் தளர விடுங்க

வலிக்குமா என்று கேட்கிறவர்களுக்கு உடனே பதில் சொல்லிவிடுவேன். “ஏனுங் மேடம், இதுல எல்லாந் தெரிஞ்சிருமுங்களா?” என்று கேட்கிறவர்களிடம்தான் கொஞ்சம் நிதானிப்பேன். கோவையில் மேமோகிராம் எடுக்கிற டெக்னீஷியன் நான். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர் என்றாலும், படத்தில் விழாத இடத்தை எந்த டாக்டராலும் படிக்க முடியாது. ஆகவே அந்தக் கேள்விக்கு நானும் பொறுப்பு.

எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்வதில்லை. மேமோகிராம் சுமார் எட்டில் ஒரு மார்பகப் புற்றுநோயைத் தவறவிடுகிறது என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே சொல்கிறது. அந்த நாட்டில் அறிகுறி எதுவும் இல்லாமல் பரிசோதனைக்கு வரும் 1000 பெண்களில் 100 பேரையாவது மறுபடி கூப்பிடுகிறார்கள். அவர்களில் புற்றுநோய் என்று உறுதியாவது ஐந்து பேர் அளவுக்குத்தான். இதையெல்லாம் சொன்னால் பயம் கூடிவிடும் என்பார்கள். நான் பார்த்தவரை அப்படியில்லை. மூடி மறைத்துப் பேசினால்தான் இவர்கள் ஏதோ ஒளிக்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொள்கிறது. எதிரே நிற்பவர் விவரம் தெரிந்துகொள்ள வந்த பெரிய மனுஷி. அவரிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம்.

பயத்தைத் தணிப்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயம் படத்தைக் கெடுக்கும். ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என இரண்டு படம். சாய்வுப் படத்தில் மார்புத் தசை அக்குளிலிருந்து முலைக்காம்பு மட்டம்வரை ஆப்பு வடிவில் இறங்கித் தெரிய வேண்டும். அடிமடிப்பு விரிந்து விழ வேண்டும். பயந்தவரின் தோள் தன்னையறியாமல் மேலே ஏறும். மெஷினின் கைப்பிடியை இறுகப் பற்றுவார். பற்றியதும் அந்தத் தசை விறைத்துப் பின்வாங்கும். நெஞ்சுக்கூட்டை ஒட்டிய திசுவும் அக்குள் பக்கத்துத் திசுவும் தகட்டை விட்டு நழுவிவிடும். புற்றுநோய் மற்ற இடங்களை விட அதிகமாக வருவது அக்குளை ஒட்டிய அந்த மேல் வெளிப்பகுதியில்தான். அதனால் “தோளைத் தளர விடுங்கம்மா, கம்பியைப் பிடிக்காதீங்க, கையைச் சும்மா அது மேல வைங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன். என் கை ஜில்லென்று இருந்தால் உரசிச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவேன். எப்போது அழுத்தப்போகிறேன், எத்தனை நொடி என்பதை முன்கூட்டியே சொல்வேன். தோள் இறங்குவது என் உள்ளங்கைக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் பெடலை மிதிப்பேன்.

அழுத்துவது எதற்கென்றும் சொல்லிவிடுவேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசு பரவும், படம் ஆடாது, கதிர்வீச்சும் குறைவாகவே போதும். உருகுவே நாட்டு மருத்துவர் ரவுல் லெபோர்னே 1940களின் இறுதியிலேயே வலியுறுத்திய விஷயம் இது; மேமோகிராமில் இன்றும் இப்படித்தான் செய்கிறோம்.

படத்தைக் கெடுக்கிற சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு. அக்குளில் போட்ட பவுடரும் டியோடரன்ட்டும் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து, மார்பகத்துக்குள் படியும் சுண்ணாம்புத் துகள் போலவே காட்டும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்களுக்கு அதை முதுகுப்பக்கம் தள்ளி பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். மச்சம் இருந்தால் அதன்மேல் ஒரு குறி. செய்யும்போதே ஒவ்வொன்றும் ஏன் என்று சொல்லிக்கொண்டே செய்வேன். தன் படம் எப்படி உருவாகிறது என்று பார்த்தவருக்கு அதன்மேல் நம்பிக்கை வருகிறது.

நாற்பதுகளில் வருகிறவர்கள் பலருக்கு மார்பகம் அடர்த்தியாக இருக்கும். அடர்த்தியான திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. வெள்ளை வேட்டியில் பால் சிந்தினால் எப்படித் தேடுவது? அவர்களுக்கு டாக்டர் அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்ப்பார். அதில் வெறும் நீர்க்கட்டி கறுப்பாகத் தனித்துத் தெரிந்துவிடும். “மறுபடி ஸ்கேனா?” என்று முகம் வாடுபவரிடம், ஒரு கருவிக்குத் தெரியாததை இன்னொன்று காட்டும் என்பதற்காகத்தான் என்று விளக்குவேன்.

கஷ்டமான நேரம், “இன்னொரு படம் எடுக்கணும்மா” என்று நான் சொல்கிற நேரம். அந்த நொடியில் என் முகத்தைத்தான் படிப்பார்கள். பெரும்பாலும் திசு மடிந்து நிழல் விழுந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் அழுத்தி எடுத்தால் கலைந்துபோகும். அதனால் முதல் படத்துக்கு முன்பே, கூடுதலாக ஒன்றிரண்டு தேவைப்படலாம் என்று சொல்லி வைத்துவிடுவேன். முடிவைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. “நல்லா இருக்கு” என்று என் வாயிலிருந்து வராது. ஆறுதலாகச் சொன்னதை அவர் ரிப்போர்ட்டாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். “படம் தெளிவா விழுந்திருக்கு, டாக்டர் பாத்துச் சொல்வாங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அடுத்த பயம் ஆரம்பிக்கும். டாக்டர் தன் கணிப்பைக் குறிக்கப் போடும் பைரேட்ஸ் எண் 0 என்றிருந்தால் இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி என்றுதான் பொருள். நோய் என்று யாரும் சொல்லவில்லை. 3 என்றிருந்தால் சாதாரணக் கட்டியாகவே இருக்கும், புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்று அர்த்தம். “ஆறு மாசம் எப்படிங்க சும்மா இருக்கறது?” என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஆறு மாதமும் பரிசோதனையில் ஒரு பகுதி என்றேன். இத்தனை நாளில் அது மாறியதா, அப்படியே இருக்கிறதா என்பது இன்று எந்த மெஷினும் காட்ட முடியாத விவரம். காத்திருக்கவே முடியாது, தூக்கமே போய்விட்டது என்றால் டாக்டரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். ஊசி டெஸ்ட் செய்துவிடலாமா என்று தாராளமாகக் கேட்கலாம். வேறொரு டாக்டரிடம் படங்களைக் காட்டி இரண்டாவது கருத்து கேட்பதிலும் தவறில்லை.

பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுவேன். துணிக்கடைப் பையில் ஃபிலிமும் சிடியும் சேர்த்து எடுத்துவருகிற பெண்ணைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷம். இப்போது சந்தேகமாகத் தெரிகிற நிழல் மூன்று வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் இருந்தால், பல நேரம் மறுபடி கூப்பிடவே தேவையிருக்காது.

ரவிக்கை போட்டுக்கொண்டு கிளம்பும்போது ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். கையில் கட்டி தட்டுப்பட்டால், ரிப்போர்ட் நார்மல் என்று வந்திருந்தாலும் அதோடு விடக்கூடாது. சில வகைப் புற்றுநோய் திரளாமல் இழை இழையாகப் பரவும். மேமோகிராமில் அகப்படுவது கடினம். டாக்டர் கையால் பார்த்து, அல்ட்ராசவுண்ட் பார்த்து, தேவையென்றால் ஊசியும் போட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். “போன மாசந்தான் நார்மல்னு சொன்னீங்க, அதுக்குள்ள வந்தா திட்டுவீங்களோன்னு இருந்தேனுங்க” என்று தயங்கித் தயங்கி வந்து நிற்பவர்கள் உண்டு. “யாரும் திட்டமாட்டாங்கம்மா. தட்டுப்பட்ட அன்னைக்கே வாங்க. வரும்போது போன மாசப் படத்தையும் எடுத்துட்டு வந்துருங்க.”