தோணிக்காரர் வீடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றான எங்கள் காம்பராவுக்குத் ‘தோணிக்காரர் வீடு’ என்று பெயர். இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனையில் ஓடுகிற ஆற்றைக் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம். தோணிக்கு இங்கே என்ன வேலை? அப்பாயியைக் கேட்டால், “எங்க மாமனாரோட அப்பா தோணிக்காரரு. கடலுக்கு அந்தப் பக்கம்” என்பார். அவர் எனக்கு ஓட்டன். அவரைத் தேடப் போய்த்தான், பழைய தாள்களில் முன்னோரைத் தேடும் இந்தத் தொழிலைக் கற்றேன்.

கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எல்லோருக்கும் ‘மாஸ்டர்’. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன அண்ணன் தம்பிகளைத் தேடுகிறவர்கள் பழைய தாள்களோடு அவரிடம் வருவார்கள். சனிக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து நகல் எழுதிக் கொடுப்பதுதான் என் முதல் வேலை.

“மேல இருந்து இறங்காத தம்பி, கீழ இருந்து ஏறு” என்பதுதான் அவர் சொன்ன முதல் பாடம். நான் கேட்கவில்லை. தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலின் பழைய நகல் ஒன்றில் ஓட்டனின் பெயரைப் பார்த்ததுமே ஓடிப்போய் அப்பாயியிடம் சொல்லிவிட்டேன். அவர் அழுதேவிட்டார். மறுவாரம் மாஸ்டர் விரலை அடுத்த வரிகளுக்கு நகர்த்தினார். அதே பெயரில் இன்னும் இரண்டு பேர். தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் ஒருவர், கீழ்ப் பிரிவான பணியக் கணக்கில் ஒருவர். “குலசாமி பேர வச்சா ஊருக்கே ஒரே பேருதான். தகப்பன் பேரு, பொண்டாட்டி பேரு, பேர் நம்பர், இதுல ரெண்டாச்சும் ஒத்துவரணும்.” அப்பாயியிடம் போய், அது நம்மவர்தான் என்று சொல்ல முடியாது என்று சொன்ன அந்த மாலையை மறக்க முடியாது.

அடுத்து அப்பாவின் பிறப்புச் சான்றிதழை விரித்தார். பாட்டனார், அதாவது என் பூட்டன், இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம். இது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தால் மட்டும் போதாது என்றது. தகப்பனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனாரும் பூட்டனாரும் பிறந்திருக்க வேண்டும். மலையகத்தாரை வடிகட்டிய அந்தக் கேள்வி இன்னும் படிவத்தில் குந்தியிருக்கிறது.

அப்பாவின் தாளில் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடுதான். “ஒண்ணும் இல்ல மாஸ்டர்” என்றேன். “கோடும் பதில்தான். உன் பூட்டன் இங்க பொறக்கலன்னு அர்த்தம். இல்லாட்டி எழுதினவரு சோம்பேறி. எதுன்னு நீதான் பாக்கணும்.” பெரியப்பா, அத்தைகளின் சான்றிதழ்களையும் தேடி எடுத்தேன். மற்றக் கட்டங்கள் நிறைந்திருந்தன. அந்தக் கட்டத்தில் மட்டும், மூன்று வேறு கையெழுத்துகளில், அதே கோடு.

ஆக, பூட்டன் கைப்பிள்ளையாக ஓட்டனோடு கடல் தாண்டி வந்திருக்க வேண்டும். தோணியில் வந்திருந்தால் அது 1914க்கு முன்பு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது அந்த வருஷம்தான். அதற்கு முன் வந்தவர்களில் பலர் தொண்டி, பாம்பன் பக்கமிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கினார்கள்.

கடைசித் தாள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது, மாரியம்மன் படத்துக்கு அட்டையாக. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டப்படி பூட்டன் போட்ட விண்ணப்பத்தின் நகல். அப்போது குடும்பங்களோடு சேர்த்து 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. இங்கேதான் இத்தனை வருஷமாக இருக்கிறோம் என்று காட்ட எழுதிய தாள்தான், எங்கிருந்து வந்தோம் என்பதையும் சொன்னது.

பிறந்த இடம் ஆங்கிலத்தில் தட்டச்சாகியிருந்தது. “டொண்டி, திருவாடானை தாலுகா” என்று வாசித்தேன். மாஸ்டர் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரம்தான் காது திறந்தது. தொண்டி. தொண்டிக்காரர். நாலு தலைமுறை வாயில் புரண்டு, தோணிக்காரர்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பாயி அசரவில்லை. “அதத்தானேடா நானும் சொன்னேன்” என்றார்.

கட்டுக்கதையை உடைத்துவிட்டதாக எனக்குள் ஒரு மிதப்பு. மாஸ்டர் அதையும் இறக்கிவிட்டார். “தொண்டியில தோணி ஓட்டுனவன் ஒருத்தனும் இல்லையா? உன் தாளு ஊரச் சொல்லுது, தொழிலச் சொல்லல. கெழவி சொல்லாட்டி அந்த ஊரு பேரே உனக்கு ஒறைச்சிருக்காது.”

இப்போது என் கொப்பியில் ஓட்டனுக்கு இரண்டு வரி இருக்கிறது. மகன் பிறந்த ஊர்: தொண்டி, விண்ணப்ப நகல்படி. தொழில்: தோணிக்காரர், அப்பாயி சொன்னபடி. இரண்டையும் இழுத்து ஒரே வரியாக்கக் கை துறுதுறுக்கிறது. அந்தக் கையை அடக்கத்தான் இரண்டு வருஷம் படித்திருக்கிறேன்.