நான்கு ஆண்டுப் படிப்பு, ஒன்பது ஆண்டுச் செயற்கைக்கோள்

காஞ்சூர்மார்க் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் 'ஐ.ஐ.டி.' என்று சொன்னால் போதும். எந்த கேட் என்று மட்டும் கேட்டுவிட்டு ஆட்டோக்காரர் மீட்டரைப் போடுவார். லாரிகளும் பஸ்களும் ஊர்ந்து போகும் சாலையின் ஓரத்தில் இருக்கிறது பவாய் வளாகம். வெளியே மும்பையின் புழுதியும் ஹாரன் சத்தமும். உள்ளே மரங்களின் நிழல். ஒரு பக்கம் பவாய் ஏரி, இன்னொரு பக்கம் விஹார் ஏரி, அதற்கப்பால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. பூங்காவிலிருந்து எப்போதாவது ஒரு சிறுத்தை வளாகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுண்டு. மாடுகள் எட்டிப் பார்ப்பதில்லை, இங்கேயே குடியிருக்கின்றன.

1958ல் சோவியத் யூனியனின் உதவியோடு தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தில் ஹாஸ்டல்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். டிசம்பர் முதல் தேதி கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்க வந்து குவிகின்றன. அதே மாதம் 'மூட் இண்டிகோ' கலைவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து கல்லூரிக் கூட்டம் வருகிறது. மாணவர்களின் வாழ்க்கை பரீட்சை, ப்ராஜெக்ட், விழா, வேலை என்ற நாற்சந்தியிலேயே சுற்றுகிறது. சேர்ந்த நான்காவது ஆண்டில் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் 2007ல் ஏரோஸ்பேஸ் துறை மாணவர்கள் இருவர் செயற்கைக்கோள் ஒன்றைச் செய்வது என்று தீர்மானித்தார்கள். பெயர் 'பிரதம்', முதலாவது என்று பொருள். இஸ்ரோவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2009ல். ஏவும் தேதி பலமுறை தள்ளிப்போனது. 2016 செப்டம்பர் 26 காலை 9.12க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி35 ராக்கெட் எட்டு செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றது. அவற்றில் சுமார் 10 கிலோ எடையுள்ள பவாய்ப் பெட்டியும் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2007ல் முதலாண்டில் சேர்ந்தவர் 2011ல் பட்டம் வாங்கியிருப்பார். ராக்கெட் கிளம்பும்போது வளாகத்தில் இருந்த பி.டெக். மாணவர்களில் மிக மூத்தவர்கள் 2013ல் சேர்ந்தவர்கள். கனவு கண்டவர்களும் கவுண்ட் டவுன் பார்த்தவர்களும் வெவ்வேறு தலைமுறை. நடுவில் இருந்தவர்களில் பலர் பெட்டியின் ஒரு சர்க்யூட்டுக்கு இரண்டு வருஷ மாலைப் பொழுதுகளைக் கொடுத்துவிட்டு, அது பறப்பதற்குள் போய்விட்டவர்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்க, பொருள் மட்டும் எப்படி முன்னேறியது?

பதில் சுவாரசியமில்லாதது. எழுதி வைத்தார்கள்.

செயற்கைக்கோள் என்றால் நம் கண்ணுக்கு வருவது தங்க நிறத் தாள் போர்த்திய பெட்டி. அதைச் செய்கிறவர்களின் கண்ணுக்கு வருவதோ காகிதக் கட்டுகள். எந்தக் கம்பி எந்த முனையில் சேர வேண்டும், பாட்டரி எத்தனை டிகிரி வரை தாங்கும், அதிர்வுச் சோதனையில் எந்தத் திருகு தளர்ந்தது, அதற்கு என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. இஸ்ரோவின் நிபுணர்கள் வடிவமைப்பைப் பரிசீலிக்கும்போது முதலில் கேட்பதும் காகிதத்தைத்தான். 'செய்துவிட்டோம்' என்றால் போதாது. 'எப்படிச் சோதித்தீர்கள், எங்கே எழுதியிருக்கிறீர்கள்' என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓலைச்சுவடிக்கு ஆயுள் உண்டு. செல்லரிப்பதற்குள் அடுத்த தலைமுறை அதைப் பெயர்த்து எழுத வேண்டும். எழுதாத நூல் போய்விடும். பவாயில் செல்லரிக்கும் பூச்சியின் பெயர் பட்டமளிப்பு விழா.

பிரதம் செய்ய வேண்டிய வேலையும் பாடப் புத்தகத்துக்கு அருகிலேயே இருந்தது. பூமிக்கு மேலே அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று அளப்பது. அவற்றின் ஊடே வரும் ரேடியோ அலையின் அதிர்வுத் தளம் சற்றே திரும்பிவிடும். எவ்வளவு திரும்பியது என்று தரையில் பார்த்தால் எலெக்ட்ரான் கணக்கு கிடைக்கும். ஜி.பி.எஸ். காட்டும் இடம் சில மீட்டர் பிசகுவதற்கு இந்த மண்டலமும் ஒரு காரணம் என்பதால் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அளவை ஓரிடத்தில் எடுத்தால் போதாது என்பதால் மற்ற கல்லூரிகளும் சொந்தமாகத் தரை நிலையம் அமைக்க பவாய் மாணவர்கள் வழிகாட்டினார்கள். அங்கேயும் போய்ச் சேர்ந்தது எழுத்துதான்: ஆன்டெனா செய்யும் முறை, சமிக்ஞையைப் படிக்கும் முறை.

செயற்கைக்கோளைக் கட்டுவது பாதிக் கதை, இயக்குவது மீதி. மீதியைப் பார்க்க புணேவுக்கு ரயில் ஏற வேண்டும். கர்ஜத்தில் வண்டி நிற்கும்போது நடைமேடையில் வடை சூடாகக் கிடைக்கும். ஆனால் பார்க்க வேண்டியது ரயிலின் வால். அங்கே கூடுதல் எஞ்சின்களைக் கோப்பார்கள். போர்க் கணவாயின் ஏற்றத்தில் பின்னாலிருந்து முட்டித் தள்ளிவிட்டு, மேலே போனதும் அவை கழன்றுகொள்ளும். ரயில் புணே போய்ச் சேரும்போது தள்ளியவை அதில் இருப்பதில்லை. பவாயிலிருந்து வருகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சிவாஜிநகரில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் சி.ஓ.இ.பி. 1854ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி. விஸ்வேஸ்வரய்யா படித்த இடம். 2022 முதல் பல்கலைக்கழகம். பழைய கல் கட்டடம், பக்கத்தில் முளா ஆறு, கரையில் படகு கிளப். படகுப் போட்டி இந்தக் கல்லூரியின் பெருமைகளில் ஒன்று. இன்னொரு பெருமை 'ஸ்வயம்'. ஒரு கிலோவுக்கும் குறைவான, கைக்கு அடங்குகிற செயற்கைக்கோள். சுமார் எட்டு வருஷ உழைப்புக்குப் பிறகு 2016 ஜூன் 22ல் பி.எஸ்.எல்.வி.-சி34ல் பறந்தது. உள்ளே ஒரு நிரந்தரக் காந்தம். திசைகாட்டி ஊசி போல பூமியின் காந்தப் புலத்தோடு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். மின்சாரச் செலவே இல்லாத தந்திரம்.

சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இத்தகைய பெட்டி பூமியை ஒருமுறை வலம்வர ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நாளைக்குப் பதினைந்து சுற்று. ஆனால் ஒரு ஊரின் வானத்தில் அது தலைகாட்டுவது நான்கைந்து தடவைதான். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது. துருவங்களைத் தொட்டுச் செல்லும் இந்தப் பாதையில் காலையில் ஏவப்பட்டவை ஒரு ஊருக்கு மேல் காலை வகுப்பு நேரத்திலும், பிறகு இரவு மெஸ்ஸில் தட்டுக் கழுவிய பிறகும் வரும். வகுப்பை விட்டாவது, தூக்கத்தை விட்டாவது ஒருவர் தரை நிலையத்தில் உட்கார வேண்டும். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்திலும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பது போல, செயற்கைக்கோளின் அலைவரிசையும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் துரத்திப் பிடித்து, பாட்டரி நிலவரம் கேட்டு, கட்டளை அனுப்பி, நேரத்தோடு பதிவேட்டில் குறிக்க வேண்டும். தீபாவளி விடுமுறைக்கும் செமஸ்டர் பரீட்சைக்கும் செயற்கைக்கோள் லீவு கொடுப்பதில்லை.

ஒரு காலத்தில் வானத்துக்கும் வகுப்பறைக்கும் இருந்த உறவு ஒருவழிப் பாதை. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, அமெரிக்காவிடம் கடன் வாங்கிய ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் இறங்கியது. 1984லிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் நிகழ்ச்சிகள் இன்சாட் வழியே கல்லூரிகளுக்கு வந்தன. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட் ஏவப்பட்டது. மேலிருந்து சொன்னதைக் கீழே கேட்டுக்கொண்டார்கள். 2009 ஏப்ரல் 20ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ 'அனுசாட்' பறந்தபோது திசை மாறியது. 2010ல் பெங்களூர், ஹைதராபாத் கல்லூரிகள் ஏழு சேர்ந்து செய்த 'ஸ்டட்சாட்', 2011ல் ஐ.ஐ.டி. கான்பூரின் 3 கிலோ மின்மினி, 'ஜுக்னு'. கல்லூரி வானத்திடம் பேச ஆரம்பித்தது.

பேச்சு தொடர்ந்ததா என்பதுதான் கேள்வி. ராக்கெட் கிளம்பும் காலையில் வளாகத்தில் பெரிய திரை, இனிப்பு, டி.வி. கேமராக்கள். ஆறு மாதம் கழித்து பதிவேட்டின் நிலை என்ன என்று கேட்க யாரும் வருவதில்லை. ஒரு கல்லூரி ஒரு செயற்கைக்கோளோடு பெயர் வாங்கிவிட முடியும். இரண்டாவதுதான் உண்மையான பரீட்சை. முதலாவதில் கற்றது வளாகத்தில் தங்கியதா, கற்றவர்களோடு சேர்ந்து கலிபோர்னியாவுக்குப் போய்விட்டதா என்பதை அதுதான் காட்டும்.

இங்கே எழுத்தில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, மாநாட்டில் வாசிக்கப்படும் ஆய்வுக் கட்டுரை. எது வேலை செய்தது என்று அது சொல்லும். ஆசிரியர் பெயர் இருக்கும். மேற்படிப்பு விண்ணப்பத்தில் சேர்க்கலாம். கல்லூரியின் தரவரிசைக்கும் உதவும். இன்னொன்று, பட்டம் வாங்கிப் போகிறவர் அடுத்து வருகிறவருக்கு விட்டுச்செல்லும் ஒப்படைப்புக் குறிப்பு. எது வேலை செய்யவில்லை, எந்தப் பாகத்தை நம்பக் கூடாது, எந்த இரவு எதற்காகச் சமிக்ஞை கிடைக்கவில்லை என்று அது சொல்லும். அதற்கு மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. பல சமயம் எழுதியவர் பெயர்கூட இருக்காது. ஆனால் அடுத்த செயற்கைக்கோளுக்கு வேண்டியது இரண்டாவதுதான். நம் கல்லூரிகள் எண்ணிக் கணக்கு வைப்பது முதலாவதை மட்டும்.

இதை மாற்றப் பெரிய பணம் வேண்டாம். ஒப்படைப்புக் குறிப்பையும் பட்டப்படிப்பின் ப்ராஜெக்ட் அறிக்கையாக ஏற்கலாம். தரை நிலையத்தில் இரவு உட்கார்ந்தவருக்கு லேப் பாடத்துக்கு உள்ள மதிப்பெண்ணைக் கொடுக்கலாம். பதிவேட்டை, யாரோ ஒருவர் கம்ப்யூட்டரின் மூலையில் விடாமல், நூலகத்தில் எண் போட்டு வைக்கலாம். வாய்ப்பு இப்போது கூடியிருக்கிறது. முழுச் செயற்கைக்கோள் செய்ய முடியாத கல்லூரியும், வேலை முடிந்த பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்தில் தன் கருவியைப் பொருத்திப் பார்க்க 2022 முதல் 'போயம்' என்ற மேடையை இஸ்ரோ தருகிறது. சின்னக் கல்லூரிகளுக்கு இது நல்ல கதவு. ஆனால் அந்தக் கதவுக்குள்ளும் காகிதம் இல்லாமல் நுழைய முடியாது.

சாயங்காலம் முளா ஆற்றில் மாணவர்கள் துடுப்புப் போடுகிறார்கள். கரையில் நிற்கும் படகுகள் இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. போனவர்கள் பழுது பார்த்து விட்டுச்சென்றவை, வரப்போகிறவர்கள் ஏறப்போகிறவை. படகை அப்படி ஒப்படைக்கத் தெரிந்த கல்லூரிகளுக்குப் பதிவேட்டை ஒப்படைப்பது பெரிய வித்தையல்ல.